மாலை ஏழு மணியின் மின்சாரம்

நிலக்கரியைக் கைவிட்டால் நாடு இருளில் மூழ்கும் என்று ஒரு தரப்பும், சூரியனும் காற்றும் இருக்க நிலக்கரி எதற்கு என்று மறுதரப்பும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன. இந்த விவாதத்தில் இரு தரப்பாரின் கையிலும் பெரும்பாலும் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: ஆண்டுக்கு இத்தனை யூனிட், நிறுவுதிறன் இத்தனை மெகாவாட். அரிசியைப் பற்றியோ பெட்ரோலைப் பற்றியோ பேசும்போது இந்த அளவுகோல் போதும். இந்த மாதம் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு உதவும். மின்சாரம் அப்படிப்பட்ட சரக்கன்று. உற்பத்தியான நொடியிலேயே அது யாரோ ஒருவருடைய மின்விசிறியிலோ மோட்டாரிலோ செலவாகியாக வேண்டும். செலவாகும் அதே நொடியில் எங்கோ ஒரு நிலையம் அதை உற்பத்தி செய்தாக வேண்டும். ஆகவே நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் ஒரு யூனிட்டும் மாலை ஏழு மணிக்குக் கிடைக்கும் ஒரு யூனிட்டும் வீட்டு மீட்டரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், அவற்றைக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் பாடு வேறு வேறு. காற்றாலையில் இந்தியாவுக்கே முன்னோடியாகவும், அதே வேளையில் ஒடிசா நிலக்கரியை நம்பியும் வாழும் தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

முதலில் மின்தொகுப்பு என்பது என்ன என்று பார்ப்பது நல்லது. மின்வாரியத்தார் கிரிட் என்று பேச்சில் வழங்கும் இத்தொகுப்பு, நாட்டின் மின் நிலையங்கள், உயரழுத்தக் கம்பித் தடங்கள், துணைமின் நிலையங்கள், நுகர்வோர் ஆகிய அனைத்தையும் ஒரே வலையாகப் பிணைக்கிறது. இந்த வலையில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறது. இந்த எண்ணிக்கையே அதிர்வெண் எனப்படுகிறது. அனல்மின் நிலையம் ஒன்றில் நீராவியால் சுழலும் பெரிய டர்பைனும் அதனோடு ஒரே தண்டில் பொருத்தப்பட்ட ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது இந்த 50 என்னும் எண் கிடைக்கிறது. தூத்துக்குடியில் சுழலும் எந்திரமும் மேட்டூரில் சுழலும் எந்திரமும் சத்தீஸ்கரில் சுழலும் எந்திரமும் ஒன்றை ஒன்று பார்க்காமலேயே ஒரே தாளத்தில் சுழல்கின்றன என்பது, அன்றாடம் நடப்பதனாலேயே யாரும் வியக்காத ஒரு வியப்பு.

தேர் இழுக்கும் காட்சியோடு இதை ஒப்பிடலாம். வடத்தைப் பிடித்தவர்கள் அனைவரும் சேர்ந்து இழுக்கும் விசையும், தேரின் பாரமும் ஈடுகொடுத்து நிற்கும்வரை தேர் சீராக நகர்கிறது. இழுப்பவர்களில் நூறு பேர் திடீரென்று வடத்தை விட்டுவிட்டால் தேரின் வேகம் குறையும்; ஆனால் உடனே நின்றுவிடாது, அதன் கனமே அதைச் சற்றுத் தூரம் உருட்டிச் செல்லும். அந்தச் சிறு அவகாசத்தில் மற்றவர்கள் கூடுதலாக இழுத்துக் கொள்ளலாம். மின்தொகுப்பில் தேவை கூடினால் அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். இந்திய விதிகள் அதை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்கச் சொல்கின்றன. தேரின் கனத்துக்கு இணையானது, நூற்றுக்கணக்கான டன் எடையோடு சுழன்றுகொண்டிருக்கும் எந்திரங்களின் நிலைமம். அதாவது, ஓடும் பொருள் தன் ஓட்டத்தை எளிதில் விட்டுக்கொடுக்காத இயல்பு. நிலக்கரிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அடிக்கடி குறிப்பிடும் தொழில்நுட்பக் காரணங்களில் மிக வலுவானது இதுவே. சூரியத் தகடுகளில் சுழலும் பகுதி ஏதுமில்லை. அவை இன்வெர்ட்டர் என்னும் மின்னணுக் கருவியின் வழியாகவே தொகுப்போடு இணைகின்றன. இன்றைய காற்றாலைகள் சுழன்றாலும், பெரும்பாலும் அவற்றுக்கும் தொகுப்புக்கும் இடையில் மின்னணுக் கருவிகளே நிற்கின்றன.

இந்தச் சமநிலையைக் காப்பது எத்தகைய வேலை என்பதை 2020 ஏப்ரல் 5 அன்று இரவு நாடு முழுவதும் காண முடிந்தது. கொரோனா ஊரடங்கின்போது, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது, தொகுப்பை இயக்கும் பொறியாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே நாள். தேவை ஏறக்குறைய 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை குறையும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். உண்மையில் குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல். அப்போதைய தேவையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான பாரம் சில நிமிடங்களில் கழன்று, பின்பு அதே வேகத்தில் மீண்டும் ஏறியது. அணைப்பு தொடங்குவதற்கு முன்பே அனல்மின் நிலையங்களைப் படிப்படியாகத் தாழ்த்தி, அந்த இடத்தை நீர்மின் நிலையங்களைக் கொண்டு நிரப்பி, மணி ஒன்பது அடித்ததும் நீர்மின் நிலையங்களின் வாயில்களை மூடி, ஒன்பது நிமிடம் கழிந்ததும் அவற்றை மீண்டும் திறந்து நிலைமை சமாளிக்கப்பட்டது. அதிர்வெண் 49.7-க்கும் 50.26-க்கும் இடையே ஆடியது. எங்கும் இருட்டடிப்பு நேரவில்லை. அன்றிரவு தொகுப்பைக் காப்பாற்றியது நிலக்கரியும் அல்ல, சூரியனும் அல்ல. சொன்ன நிமிடத்தில் கூடவும் குறையவும் தெரிந்த தண்ணீரே அதைக் காப்பாற்றியது.

ஏனெனில், அனல்மின் நிலையத்தால் அந்த வேகத்தில் வளைந்து கொடுக்க முடியாது. பொடியாக அரைத்த நிலக்கரியைக் காற்றோடு ஊதி எரிக்கும் அதன் கொதிகலன், ஓரளவுக்குக் கீழே தணித்தால் தீ நிலையாக நிற்காது. அணையாமல் காக்க எண்ணெய் தெளித்து எரிக்க வேண்டியிருக்கும். தடித்த உலோகக் குழாய்கள் வெப்பம் ஏறி இறங்க ஏறி இறங்க விரிந்து சுருங்கிக் களைத்துப்போகும். முழுவதும் குளிர்ந்துவிட்ட ஓர் அலகை மீண்டும் இயக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் இந்திய அனல்மின் அலகுகள் முழுத்திறனில் 55 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் ஓடுவது வழக்கமாக இருந்தது. அதை 40 விழுக்காடு வரை தாழ்த்தி இயக்கும் ஆற்றலைக் கட்டம் கட்டமாகப் பெற வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி வகுத்தது. இரவு பகலாக ஒரே சீராக ஓடுவதற்கென்று வடிவமைத்த எந்திரத்தை, பகலில் பதுங்கி மாலையில் பாயச் சொல்லும் விதி இது. நிலையங்களில் வேலை செய்பவர்கள் இதைத் தயக்கத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

நிலக்கரி எப்போதும் கையில் இருக்கும் எரிபொருள் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைத் தவிர எடுத்து எரிக்கத்தக்க நிலக்கரி இல்லை. மாநில அரசின் அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரி, ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கே கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத்தான். மேட்டூருக்குப் போக வேண்டியது துறைமுகத்திலிருந்து மீண்டும் ரயிலேற வேண்டும். இந்தச் சங்கிலியில் சுரங்கத்தில் மழைநீர் தேங்கினாலும், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானாலும், ரயில் பெட்டிகள் கிடைக்காவிட்டாலும் இருப்பு கரையத் தொடங்கும். 2021 அக்டோபரில் நாட்டின் அனல்மின் நிலையங்களில் சராசரியாக நான்கு நாளுக்கான நிலக்கரியே எஞ்சியிருந்தது. 2022 ஏப்ரலில், வெயிலின் கொடுமையால் தேவை எகிறியபோது, நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடுவதற்காகப் பயணிகள் ரயில்கள் பல ரத்து செய்யப்பட்டன. காற்று வீசாத நாளைப் போலவே நிலக்கரி வராத நாளும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், நிலக்கரி வராமல் போனால் சில நாள்களுக்கு முன்பே தெரிந்துவிடும், காற்று நின்றால் சில மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும்.

இனி, காற்று. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அகன்ற ஆறு ஒடுங்கிய மதகில் புகும்போது வேகம் கூடுவதைப் போலவே இங்கும் வேகம் கூடுகிறது. காற்றின் வேகத்துக்கும் அதிலிருந்து கிடைக்கும் மின்திறனுக்கும் உள்ள உறவு நேரான உறவன்று: வேகம் பாதியானால் திறன் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கணவாய்க் காற்றின் அருமையும் அதன் நிலையாமையும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. 1986-ல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தபோது தூத்துக்குடியும் அவற்றில் ஒன்று. அன்றைய எந்திரங்கள் ஒவ்வொன்றின் திறனும் 55 கிலோவாட். இன்று நிறுவப்படும் ஒரே காற்றாலை அவற்றில் நாற்பது ஐம்பதுக்கு ஈடாகும். முப்பந்தல் முதல் கயத்தாறு வரையிலும், உடுமலை, பல்லடம் பக்கங்களிலும் நிற்கும் இந்தக் காத்தாடிகள், ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், மாநிலத்தின் காற்றாலைத் திறனை 10,000 மெகாவாட்டுக்கு மேல் கொண்டுவந்திருக்கின்றன. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் காற்றுக் காலத்தில் சில நாள்கள் மாநிலத்தின் மொத்தத் தேவையில் கால் பங்குக்கும் மேல் இவை தருகின்றன. மார்கழி, தை மாதங்களில் அது பத்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கத் தமிழ்நாடு கண்ட வழி, உலக மின்சாரக் கொள்கை வரலாற்றில் தனியாக எழுதத்தக்கது. காற்றாலைகளில் பெரும்பகுதியை நிறுவியவர்கள் கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும்தாம். தங்கள் ஆலைக்கான மின்சாரத்தைத் தாங்களே காற்றில் எடுத்துக்கொள்ள விரும்பிய அவர்களிடம் ஒரு சிக்கல் இருந்தது. காற்று ஆடியில் வீசுகிறது, தறியோ ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஆகவே ஆடியில் மிஞ்சும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, தையில் அவற்றை எடுத்துக்கொள்ளும் வங்கிமுறை அனுமதிக்கப்பட்டது. ஆலை முதலாளியின் பார்வையில் இது சேமிப்புக் கணக்கு. ஆனால் எந்த அறையிலும் அந்த மின்சாரம் சேமிக்கப்படவில்லை என்பதே இதன் உட்பொருள். ஆடியில் வந்ததை மின்வாரியம் அன்றே யாருக்கோ கொடுத்துத் தீர்த்துவிடும். தையில் ஆலை தன் வரவைக் கேட்கும்போது அதே அளவை வேறெங்கோ நிலக்கரி எரித்தோ, வெளிச்சந்தையில் விலை கொடுத்தோ வாங்கித் தர வேண்டும். காகிதத்தில் ஒரே யூனிட்டாக இருப்பது நடைமுறையில் இரண்டு விலைகள் உள்ள இரண்டு யூனிட்டுகள். இதற்காக வாரியம் பிடித்தம் செய்த கட்டணம் போதாது என்று ஒரு புறமும், மிகை என்று மறுபுறமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2018 மார்ச்சுக்குப் பின் அமைந்த காற்றாலைகளுக்கு இந்த ஆண்டுவாரி வரவு வசதி நிறுத்தப்பட்டது. அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றே கொள்ள வேண்டும். அதே வேளையில், அந்த வசதி இல்லாமல் தமிழ்நாட்டில் இத்தனை காற்றாலைகள் எழுந்திருக்க மாட்டா என்பதும் உண்மை.

மின்வெட்டுக் காலம் என்று மக்கள் நினைவில் பதிந்துபோன 2008 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்த ஊர்கள் பல. அந்நாளில் காற்று வீசத் தொடங்கினால் வெட்டு குறைந்தது, காற்று ஓய்ந்தால் கூடியது. காற்றை நம்பியதால்தான் அந்த நிலை என்று சொல்வோர் உண்டு. ஆனால் தேவை வளர்ந்த வேகத்துக்குப் புதிய அனல்மின் நிலையங்கள் முடியாமல் இழுபட்டதும், மற்ற மாநிலங்களிலிருந்து மின்சாரம் கொண்டுவரக் கம்பித்தடம் இல்லாததும் அன்றைய தட்டுப்பாட்டுக்குக் கூடுதலான பங்களித்தன. பிற்பாடு நிலக்கரித் திறன் கூடியபோது நிலைமை தலைகீழானது: காற்றும் வெயிலும் கொட்டும் நாள்களில் அவற்றை வாங்க மறுத்து நிறுத்திவைக்கும் வழக்கம் வந்தது. மின்பளு மையங்களில் இதற்கு பேக்கிங் டவுன் என்று பெயர். தொகுப்பின் பாதுகாப்பு கருதியே நிறுத்தினோம் என்று சொல்லப்பட்ட விளக்கத்தை, சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் முழுவதுமாக ஏற்கவில்லை. இழப்பீடு தரும்படி உத்தரவிட்டது. தொகுப்பின் நம்பகத்தன்மை என்ற சொல் சில வேளைகளில் பணக்கணக்குக்குப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

கம்பித்தடத்தின் கதை தனி. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்து, இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் ஆழ்ந்தது. பீனா–குவாலியர் இடையிலான ஓர் உயரழுத்தத் தடம் அளவுக்கு மீறிப் பளுவேறித் துண்டித்ததில் தொடங்கிய சரிவு அது. நிலக்கரியோ காற்றோ அதற்குக் காரணமன்று. தென்னிந்தியா அன்று தப்பியதற்குக் காரணம், அது மற்ற பகுதிகளோடு ஒரே தாளத்தில் இணையாமல், நேர்திசை மின்தடங்கள் வழியாக மட்டும் தொடர்பு கொண்டிருந்ததே. தனித்திருந்ததால் வந்த அந்த நன்மைக்கு விலையும் இருந்தது. தெற்கில் வெட்டு இருந்த அதே நாளில் வடக்கில் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டுவர வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென் தொகுப்பும் மற்றவற்றோடு இணைந்து நாடே ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூரை அடுத்த புகளூர் வரை 1,765 கிலோமீட்டருக்கு, 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கடத்தும் நேர்திசைத் தடம் அமைந்து, 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தையில் சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரம் தெற்கே வரவும், ஆடியில் கணவாய்க் காற்றின் மின்சாரம் வடக்கே போகவும் ஒரே தடம் பயன்படுகிறது. ஆலைக்காரரின் வரவுக் கணக்கு காகிதத்தில் செய்ததை, இந்தத் தடம் ஓரளவுக்கு உண்மையாகவே செய்கிறது.

சூரியனின் சிக்கல் பருவத்தில் இல்லை, மாலைப்பொழுதில் இருக்கிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனில் ஒரே இடத்தில் சூரிய மின் நிலையம் அமைந்தபோது அது உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கருவேலம் மண்டிய வறண்ட மண்ணில் மழையைவிட வெயிலே விளைச்சல் தந்தது. கோடையின் உச்சி வெயிலில் குளிர்சாதனங்களும் பம்புசெட்டுகளும் ஓடும் நேரத்தில் சூரிய மின்சாரம் அருமருந்து. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டும் பழைய காலத்து வெட்டு திரும்பி வராததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் மாலை ஐந்தரை மணிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் அந்த உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் மறைகிறது. அதே நேரத்தில் தெருவிளக்கும், கடைவீதியும், வீட்டுச் சமையலறையும், படுக்கையறைக் குளிர்சாதனமும் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கின்றன. மொத்தத் தேவையிலிருந்து காற்றும் வெயிலும் தருவதைக் கழித்தால் மிஞ்சுவதை நிகரத் தேவை என்பார்கள். பகலில் பள்ளமாகக் கிடக்கும் அந்தக் கோடு, மாலையில் மலைச்சரிவைப்போல ஏறுகிறது. மின்சாரச் சந்தையில் நண்பகலில் மலிவாகக் கிடைக்கும் யூனிட், இரவில் பல நாள்கள் அதிகபட்ச வரம்பான பத்து ரூபாயைத் தொடுவதற்கு இதுவே காரணம். சூரிய மின்சாரம் மலிவு என்பதும் உண்மை, சூரிய மின்சாரத்தால் மாலை விலை ஏறுகிறது என்பதும் உண்மை. விவாதத்தில் ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த மணியைத்தான் பார்த்துப் பேசுகிறது.

வெளிநாடுகளில் நேர்ந்த பெரும் இருட்டடிப்புகளும் இப்படியே பங்குபோடப்படுகின்றன. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டபோது, அவ்வாண்டு மே மாதம் அந்த மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டிருந்ததால், பழி உடனே காற்றாலைகள்மேல் விழுந்தது. நடந்தது இது: சூறாவளிக் காற்று இருபதுக்கும் மேற்பட்ட மின்கோபுரங்களைச் சாய்க்க, மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழ்ந்தது, குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் தாழ்ந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று காற்றாலைகளின் மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது, அதன்படி ஏழு நொடிகளுக்குள் 456 மெகாவாட் மறைந்தது, அண்டை மாநிலத்திலிருந்து வந்த தடம் அந்த இழப்பைத் தாங்காமல் துண்டித்தது. பின்னர் அந்த வரம்பு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு 100 மெகாவாட் பேட்டரி நிலையம் ஒன்று ஹார்ன்ஸ்டேலில் அமைந்தது. 2021-ல், எரிபொருள் ஏதுமின்றித் தொகுப்போடு சேர்ந்து வெறுமனே சுழன்று, நிலைமத்தையும் மின்னழுத்த உறுதியையும் தரும் நான்கு எந்திரங்கள் நிறுவப்பட்டன. தேருக்குக் கனம் வேண்டும் என்பது சரி. அந்தக் கனம் நிலக்கரியால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அந்த மாநிலம் செலவழித்துக் காட்டியது.

டெக்சாஸில் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் எரிவாயுக் குழாய்கள் உறைந்து, நிலக்கரி நிலையங்களும் காற்றாலைகளும் ஓர் அணுமின் அலகும் சேர்ந்தே தடுமாறி, தொகுப்பு முழுச் சரிவிலிருந்து நான்கரை நிமிட தூரத்தில் தப்பியது. 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகலில் ஸ்பெயினும் போர்த்துகலும் இருண்டபோது வெயில் குறையவில்லை. கட்டுக்கு மீறி உயர்ந்த மின்னழுத்தம் நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்தது. இவற்றில் எதுவும் ஓர் எரிபொருளின் தோல்வி என்று சொல்லத்தக்கதன்று.

இதனால் நிலக்கரிக்கு இடமில்லை என்றும் ஆகிவிடாது. 2025-ல் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி முதலிய எரிபொருள்கள் சாராததாக ஆகிவிட்டபோதிலும், உற்பத்தியாகும் யூனிட்டுகளில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிறுவுதிறன் என்பது எந்திரம் முழு மூச்சில் ஓடினால் தரக்கூடியது. சூரியத் தகடு இரவில் ஓடாது, நிலக்கரி அலகு ஓடும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதிலேயே பொதுமேடை விவாதத்தில் பாதி நேரம் போகிறது. அதே வேளையில், நிலக்கரியின் கணக்கில் எண்ணூர்க் கழிமுகத்தையும் சேர்த்தாக வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். குழாய்களில் கசிந்து கொசஸ்தலையாற்றின் முகத்தில் படிந்த அந்தச் சாம்பலுக்குக் காட்டுக்குப்பம் மீனவர்கள் கொடுத்த விலை எந்த மின்கட்டணச் சீட்டிலும் வருவதில்லை.

அனல்மின் நிலையங்களுக்குத் தரப்படும் தொகையில் இரண்டு பகுதி உண்டு: நிலையத்தைக் கட்டிய கடனும் பராமரிப்பும் சேர்ந்த நிலைக்கட்டணம் ஒன்று, எரித்த நிலக்கரியின் விலை மற்றொன்று. ஓடாமல் ஆயத்தமாக நின்றாலும் முதற்பகுதியைக் கொடுத்தாக வேண்டும். வெயில் மின்சாரம் பெருகப் பெருக அனல் நிலையம் ஓடும் மணிகள் குறைந்து, அதன் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விழும் நிலைச்செலவு கூடும். இதை வீண்செலவு என்று சாடுவதைவிட, தீயணைப்பு வண்டிக்குக் கொடுக்கும் சம்பளமாகக் கருதுவதே பொருத்தம். அந்த வண்டிகள் எத்தனை வேண்டும் என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை, பகலின் மிகுதியை மாலைக்கு எடுத்துச் செல்லும் வழிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பம்புசெட்டுகளின் ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றுவது அவற்றுள் மலிவானது. பேட்டரி இரண்டு மூன்று மணி நேர மாலை ஏற்றத்துக்கு ஏற்றது, விலையும் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. ஆடியைத் தைக்குக் கொண்டுபோக அதனால் ஆகாது. அந்தப் பருவ இடைவெளிக்குத் தொலைதூரத் தடமும், இன்னும் சில பத்தாண்டுகளுக்கு நிலக்கரியும் வேண்டியிருக்கும்.

மாலைக்கு மிகவும் பழகிய வழி மலையில் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில், மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது திறந்துவிட்டு 400 மெகாவாட் எடுக்கும் நீரேற்று மின் நிலையம் அது. ஏற்றச் செலவான நான்கு யூனிட்டில் ஏறக்குறைய மூன்று திரும்பக் கிடைக்கும். நள்ளிரவில் மிஞ்சிய அனல் மின்சாரத்தை வைத்துத் தண்ணீர் ஏற்றுவதற்கென்று 1980களில் கட்டியது, இன்று நண்பகல் வெயிலில் ஏற்றி மாலை ஏழு மணிக்கு இறக்குவதற்கு அப்படியே பொருந்துகிறது. நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட்டில் திட்டமிட்ட குந்தா நீரேற்று நிலையம் நெடுங்காலமாகக் கட்டுமானத்திலேயே இருந்துவருகிறது. கடம்பாறை ஓடத் தொடங்கிய 1980களின் இறுதியிலிருந்து 2024 வரை, தமிழ்நாடு 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகளையும் 8,000 மெகாவாட்டுக்கு மேல் சூரியத் தகடுகளையும் நிறுவியது. நீரேற்று மின் நிலையம் இன்னொன்றைக்கூட ஓடவிடவில்லை.